ஆறு வயதில் ஆலைக்குப் போனவர்: தொழிற்புரட்சிப் பாடம் குறித்த கேள்வி பதில்

பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பிரிட்டனின் தொழிற்புரட்சியை மாணவர்களுக்கு ஏன், எப்படிச் சொல்லித்தர வேண்டும் என்று வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: என் மகன் கண்டுபிடிப்பாளர் பெயர்களையும் ஆண்டுகளையும் மனப்பாடம் செய்கிறான். தேர்வு முடிந்த மறுநாளே மறந்துவிடுகிறான். இந்தப் பாடத்தால் என்ன பயன்?

மறப்பது அவன் தவறில்லை, அம்மா. பட்டியலாகக் கொடுத்தால் யாருக்குத்தான் நினைவில் நிற்கும்? அதைக் கதையாகச் சொல்லிப் பாருங்கள். 1733-ல் ஜான் கே பறக்கும் நாடாவை, அதாவது தறியில் ஊடுநூலை விரைவாகச் செலுத்தும் கருவியை, கொண்டுவந்தார். நெசவு வேகம் பிடித்தது, நூல் போதவில்லை. அந்தப் பற்றாக்குறையின் நடுவில்தான் ஹார்கிரீவ்ஸின் ஸ்பின்னிங் ஜென்னி என்ற நூற்பு எந்திரமும், 1769-ல் ஆர்க்ரைட்டின் நீர்விசை நூற்பு எந்திரமும் வந்தன. இப்போது நூல் குவிந்தது, நெய்ய ஆள் போதவில்லை. கைத்தறி நெசவாளருக்குச் சில காலம் நல்ல கூலி. பிறகு விசைத்தறி பரவியது. நேற்று வரை தேடி வந்து நூல் கொடுத்தவர்கள் இன்று அவர் வாசலை எட்டிப் பார்க்கவில்லை. எந்த எந்திரம் யாரை உயர்த்தியது, யாரைக் கைவிட்டது என்று பையனைக் கேளுங்கள். ஆண்டுகள் தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: ஜேம்ஸ் வாட் கெட்டிலின் மூடி துள்ளுவதைப் பார்த்து நீராவி எந்திரத்தைக் கண்டுபிடித்தது உண்மையா?

இல்லை. நியூகோமனின் நீராவி எந்திரம் 1712 முதலே சுரங்கத்து நீரை இறைத்துக்கொண்டிருந்தது. அதன் மாதிரி ஒன்று கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பழுதுபார்க்க வாட்டின் கைக்கு வந்தது. ஒரே உருளையை மாறி மாறிச் சூடாக்கிக் குளிர்விப்பதில் நீராவி வீணாவதை அவர் கவனித்தார். குளிர்விக்கத் தனிக் கலன் வைத்தார். 1769-ல் காப்புரிமை பெற்றார். கெட்டில் கதை, முன்னே உழைத்தவர்களை ஆவியாக்கிவிடுகிறது.

கேள்வி: நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியை. இந்தப் பாடத்துக்கு இரண்டு பாடவேளைதான். மூல ஆவணம் எதையாவது வகுப்பில் பயன்படுத்த முடியுமா, ஐயா?

முடியும். ஒன்றே போதும். 1832-ல் மைக்கேல் சாட்லர் தலைமையிலான நாடாளுமன்றக் குழு முன் எலிசபெத் பென்ட்லி என்ற பெண் சாட்சி சொன்னார். அப்போது அவருக்கு 23 வயது. லீட்ஸ் நகரின் ஆளிநார் (லினன் துணிக்கான நார்) ஆலையில் வேலைக்குச் சேர்ந்தபோது வயது ஆறு. நூல் நிறைந்த பாபின்களை (நூல் சுற்றும் கட்டைகளை) கழற்றி, வெற்றுப் பாபின்களை மாட்டுவது வேலை. வேலை மிகுந்த காலத்தில் காலை ஐந்து முதல் இரவு ஒன்பது வரை. சாப்பிட நண்பகலில் நாற்பது நிமிடம். தூசியில் பசியே எடுக்கவில்லை, மிச்சம் வைத்ததை மேற்பார்வையாளர் எடுத்துப் பன்றிகளுக்குப் போட்டார் என்கிறார். இதை ஒரு மாணவியை விட்டு உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். வகுப்பு அமைதியாகிவிடும்.

ஆனால் அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். மூன்றே ஆண்டுகள் கழித்து ஆண்ட்ரூ யூர் என்பவர், ஆலைக் குழந்தைகள் விளையாடுவது போல உற்சாகமாக வேலை செய்வதாக எழுதினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். யூர் ஆலை முறையின் ஆதரவாளர். சாட்லரோ வேலைநேரத்தைக் குறைக்கப் போராடியவர். சாட்சிகள் ஒருதலைப்பட்சம் என்று ஆலை முதலாளிகள் குற்றம் சாட்டினார்கள். அதனால் 1833-ல் இன்னோர் ஆணையம் விசாரித்தது. குழந்தைகளின் வேலைநேரம் அளவு கடந்தது என்பதை அதுவும் மறுக்கவில்லை. யாரை நம்புவது, எதுவரை நம்புவது என்று மாணவர்கள் வாதாடட்டும். வரலாறு படிப்பதில் எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய பயிற்சி இல்லை.

நேரம் மிஞ்சினால் 1833 சட்டத்தைக் காட்டுங்கள். பட்டாலைகள் நீங்கலான நெசவுத்துறை ஆலைகளில் ஒன்பது வயதுக்குக் கீழ் வேலை கூடாது. ஆனால் இங்கிலாந்தில் அரசின் பிறப்புப் பதிவு தொடங்கியதே 1837-ல். அப்படியானால் வயதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ஒன்பது வயதுக்குரிய வலுவும் தோற்றமும் இருப்பதாக மருத்துவர் சான்று தர வேண்டும், அவ்வளவுதான். நாடு முழுவதற்கும் ஆய்வாளர்கள் நான்கு பேர். சட்டம் எழுதுவதற்கும் அது நடைமுறைக்கு வருவதற்கும் இடையே உள்ள தூரத்தை நீங்கள் விளக்கவே வேண்டாம், பிள்ளைகளே அளந்துவிடுவார்கள்.

கேள்வி: அக்கால மான்செஸ்டரில் தொழிலாளிகள் 17 வயதில் இறந்தார்கள் என்று படித்தேன். நம்ப முடியவில்லை.

நம்பாதது நல்லது, தம்பி. பொதுச் சுகாதாரச் சீர்திருத்தத்துக்காக உழைத்த எட்வின் சாட்விக் 1842-ல் வெளியிட்ட அறிக்கையில் அந்த எண் இருக்கிறது. அது இறந்தவர்களின் சராசரி வயது. கைக்குழந்தைகள் ஏராளமாக இறந்ததால் சராசரி கீழே இறங்கிவிட்டது. ஐந்து வயதைத் தாண்டியவர்களில் பலர் நாற்பது, ஐம்பதையும் பார்த்தார்கள். அதற்காக எண்ணைத் தூக்கி எறியவும் வேண்டாம். அதே அறிக்கையில் கிராமப்புறமான ரட்லண்டின் தொழிலாளர் குடும்பங்களுக்கு 38. மான்செஸ்டரின் மேல்தட்டினருக்கும் அதே 38தான். கிராமத்து ஏழையும் நகரத்துப் பணக்காரரும் ஒரே எண்ணில் வந்து நிற்கிறார்கள் என்றால், அந்த நகரத்துத் தெருவும் சாக்கடையும் தண்ணீரும் எப்படி இருந்திருக்கும்? கணக்கு வகுப்பிலும் இதை நடத்தலாம்.

கேள்வி: நான் பொறியியல் மாணவன். புதிய தொழில்நுட்பத்தை எதிர்ப்பவர்களை லுட்டைட் என்கிறோம். அவர்கள் எந்திரத்தையே வெறுத்தவர்களா?

1811-ல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் பகுதியில் லுட்டைட் என்று பெயர் பெற்ற தொழிலாளர்கள் உடைத்தவை காலுறை பின்னும் சட்டகங்கள். அந்தச் சட்டகம் அப்போதே இருநூறு ஆண்டுப் பழமை! அவர்களும் அதில்தான் பிழைத்தார்கள். கூலியைக் குறைத்து மட்டமான சரக்கு தயாரித்தவர்களின் சட்டகங்களைத்தான் பெரும்பாலும் குறிவைத்தார்கள். சண்டை அதை வைத்திருந்தவர்களோடு. 1812-ல் சட்டகம் உடைப்பதற்கு மரண தண்டனை என்று சட்டம் வந்தது. கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் அதை எதிர்த்துப் பேசினார், பயனில்லை. வசைச் சொல்லாக அந்தப் பெயரைப் பயன்படுத்தும் முன் இவ்வளவையாவது தெரிந்துகொள்வது நல்லது.

கேள்வி: ஆலைகளுக்கு அவ்வளவு பருத்தி எங்கிருந்து வந்தது?

19-ஆம் நூற்றாண்டில் பெரும்பகுதி அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து வந்தது. 1793-ல் எலி விட்னி பருத்திக்கொட்டையைப் பிரிக்கும் எந்திரத்தைச் செய்தார். வேலை எளிதானால் அடிமைகள் தேவை குறையும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது நேர்மாறு. 1790-ல் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகளின் எண்ணிக்கை 1860-ல் 40 லட்சத்தை நெருங்கியது. மலிவான, துவைத்து உடுத்தக்கூடிய பருத்தித் துணி ஏழைகளுக்கும் எட்டியது அந்தக் காலத்தின் நல்ல பக்கம். அந்த நூலின் மறுமுனை எங்கே கட்டப்பட்டிருந்தது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: படித்துக் காட்டாமல், படம் ஒன்றைக் காட்டித் தொடங்கலாமா?

பிரிஸ்டல் நகரின் பழைய தானியச் சந்தைக் கட்டடத்தில் ஒரு கடிகாரம் இருக்கிறது. அதில் நிமிட முள் இரண்டு. பிரிஸ்டலில் சூரியன் லண்டனைவிடச் சுமார் பத்து நிமிடம் பின்னால் வருகிறது. ரயில் வரும்வரை அதனால் ஒருவருக்கும் நஷ்டமில்லை. 1840-ல் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே தன் பாதை முழுவதும் லண்டன் நேரத்தைப் பின்பற்றத் தொடங்கியது. நாடு முழுவதற்கும் ஒரே நேரம் என்று சட்டமானது 1880-ல்தான். இடைப்பட்ட காலத்துக்கு ஒரு முள் ஊர் நேரம், இன்னொன்று ரயில் நேரம். படத்தைக் காட்டி, "ஊர்க்காரர் இதில் எந்த முள்ளைப் பார்த்து வேலைக்குப் போவார்?" என்று மட்டும் கேளுங்கள்.