எக்ஸெலை மீண்டும் நிறுவியபின் ‘டேட்டா அனாலிசிஸ்’ காணவில்லையே?

கேள்வி: கணினியை ஃபார்மட் செய்து எக்ஸெலை மறுபடியும் நிறுவினேன். முன்பு டேட்டா தாவலின் வலது ஓரத்தில் இருந்த ‘டேட்டா அனாலிசிஸ்’ பொத்தான் இப்போது இல்லை. நீக்கிவிட்டு இன்னும் இருமுறை நிறுவிப் பார்த்தும் பயனில்லை. நான் வாங்கிய பதிப்பில் அந்த வசதியே கிடையாதா?

பதில்: இருக்கிறது, நான்காவது முறை நிறுவ வேண்டாம். புள்ளியியல் கணக்குகளுக்கான ‘அனாலிசிஸ் டூல்பேக்’ எனப்படும் அந்த வசதி எக்ஸெலுடன் சேர்ந்தேதான் உங்கள் வட்டில் வந்து இறங்குகிறது. ஆனால் அது ஓர் ஆட்-இன், அதாவது எக்ஸெலோடு இணைந்து இயங்கும் துணை நிரல் என்பதால், நாமாக இயக்கினாலொழிய எக்ஸெல் அதை ஏற்றுவதில்லை. பழைய நிறுவலில் எப்போதோ நீங்களோ வேறு யாரோ அதை டிக் செய்திருப்பீர்கள். அந்தத் தேர்வு, அமைப்புகளைச் சேமித்து வைக்கும் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் உங்கள் பயனர் கணக்குக்கு உரிய பகுதியில் பதிவாகியிருந்தது. ஃபார்மட் செய்தபோது அதுவும் அழிந்துவிட்டது. எத்தனை முறை நிறுவினாலும் அந்த ஒரு டிக் தானாகத் திரும்பி வராது.

ஃபைல் மெனுவில் ஆப்ஷன்ஸைத் திறந்து, இடப்பக்கப் பட்டியலில் ஆட்-இன்ஸ் பகுதிக்குச் செல்லுங்கள். பெரும்பாலானோர் தடுமாறுவது இங்கேதான். மேலே தெரியும் நீண்ட பட்டியலில் ‘இன்ஆக்டிவ்’ என்ற தலைப்பின் கீழ் அனாலிசிஸ் டூல்பேக் பெயரைப் பார்த்ததும், அதைக் கிளிக் செய்து ஓகே கொடுத்துவிடுகிறார்கள். எதுவும் நடப்பதில்லை, ஏனென்றால் அந்தப் பட்டியல் வெறும் தகவலுக்கானது. அதே பக்கத்தின் அடியில் ‘மேனேஜ்’ என்றொரு சிறு பெட்டி இருக்கும். அதில் ‘எக்ஸெல் ஆட்-இன்ஸ்’ என்பதைத் தேர்ந்து, பக்கத்திலுள்ள ‘கோ’ பொத்தானை அழுத்தினால் ஒரு சிறிய சாளரம் திறக்கும். அதில் அனாலிசிஸ் டூல்பேக் பெயரை ஒட்டிய கட்டத்தில் டிக் இட்டு ஓகே கொடுங்கள். அதற்கு அடுத்தே ‘அனாலிசிஸ் டூல்பேக் - விபிஏ’ என்று இன்னொன்றும் இருக்கும். அது மேக்ரோ (வேலைகளைத் தானாகச் செய்யவைக்கும் சிறு நிரல்) எழுதுபவர்களுக்கானது, அதை மட்டும் டிக் செய்தால் நீங்கள் தேடும் பொத்தான் வராது. சிறந்த விடையைத் தேடித் தரும் ‘சால்வர்’ ஆட்-இன்னைப் பயன்படுத்துபவராக இருந்தால் அதையும் இங்கேயே தேர்ந்துகொள்ளலாம். மேக் கணினியில் இதே சாளரம் டூல்ஸ் மெனுவில் உள்ளது.

இனி டேட்டா தாவலின் வலக்கோடியைப் பாருங்கள். ஹோம் தாவலில் புதிய பதிப்புகள் காட்டும் ‘அனலைஸ் டேட்டா’ என்பது முற்றிலும் வேறு வசதி. பெயர் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால், இதுதான் அது என்று நினைத்து ஏமாறுபவர்கள் உண்டு.

அந்தச் சிறு சாளரத்தில் பெயரே இல்லையென்றால் மட்டுமே நிறுவலில் குறை என்று கொள்ள வேண்டும். அப்போதும் முழுவதையும் நீக்க வேண்டியதில்லை. விண்டோஸ் செட்டிங்ஸில் ஆஃபீஸைத் தேர்ந்து ‘மாடிஃபை’ கொடுத்தால் வரும் ‘குவிக் ரிப்பேர்’ முதலில், அது பலிக்காவிட்டால் ‘ஆன்லைன் ரிப்பேர்’ என்று முயலுங்கள். டிக் இருந்தும் பொத்தான் தெரியாவிட்டால், எக்ஸெலின் தலைப்புப் பட்டையில் ‘சேஃப் மோட்’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த நிலையில் ஆட்-இன்கள் ஏற்றப்படுவதில்லை. கணக்கு மென்பொருள் போன்ற வேறொரு நிரல் தானாக எக்ஸெலைத் திறந்துவிடும்போதும் இதே நிலைதான். அதை மூடிவிட்டு ஸ்டார்ட் மெனுவிலிருந்து நேரடியாகத் திறந்து பாருங்கள். உலாவியில் இயங்கும் எக்ஸெலில் இந்த டூல்பேக் கிடையாது.

இடையில் ஒரு பழைய கதை. எக்ஸெல் 2003 வரை, மாதத்தின் கடைசித் தேதியையும் வேலை நாட்களின் எண்ணிக்கையையும் கண்டுபிடிக்கும் சூத்திரங்கள்கூட இந்த டூல்பேக்குக்குள்தான் இருந்தன. டிக் விட்டுப்போனால் சம்பளக் கணக்குத் தாள் முழுக்க ‘#NAME?’ என்ற பெயர்ப் பிழையாக நிற்கும். 2007 பதிப்பில்தான் அவை எக்ஸெலின் சொந்தச் சார்புகளாயின.

மறுநிறுவலுக்குப் பின் நீங்கள் தவறவிடக்கூடியவை வேறு சிலவும் உண்டு. மேக்ரோ வேலைகளுக்கான டெவலப்பர் தாவல் இயல்பாகவே மறைந்திருக்கும். ஆப்ஷன்ஸில் ‘கஸ்டமைஸ் ரிப்பன்’ பகுதியின் வலப்பக்கப் பட்டியலில் டிக் செய்தால் வந்துவிடும். நீங்களே பதிந்து வைத்திருந்த மேக்ரோக்கள் அப்படி வராது. அவை உங்கள் பயனர் கோப்புறைக்குள் ‘எக்ஸ்எல்ஸ்டார்ட்’ என்ற உள்கோப்புறையில் ‘பர்சனல்’ என்ற பெயருள்ள பணிப்புத்தகத்தில் இருந்தவை. பழைய வட்டின் நகல் இருந்தால் அந்தக் கோப்பை எடுத்து அதே இடத்தில் வைக்க வேண்டும். வேறு நிறுவனங்களின் பழைய ஆட்-இன் ஏதேனும் வேலை செய்ய மறுத்தால், ஃபைல் மெனுவின் அக்கவுன்ட் பகுதியில் ‘அபவுட் எக்ஸெல்’ திறந்து 32-பிட்டா 64-பிட்டா என்று பாருங்கள். 2019 பதிப்பு முதல் இயல்பாக நிறுவப்படுவது 64-பிட் என்பதால், 32-பிட்டுக்காக உருவாக்கப்பட்டவை அதில் ஏறாமல் போகலாம். வேர்டின் பழைய ‘ஈக்வேஷன் எடிட்டர் 3.0’ மட்டும் எங்கு தேடினாலும் கிடைக்காது. பாதுகாப்புக் குறைபாடு காரணமாக 2018 ஜனவரி மாதப் புதுப்பிப்பிலேயே மைக்ரோசாஃப்ட் அதை நீக்கிவிட்டது.

எல்லாம் சரியானபின், கஸ்டமைஸ் ரிப்பன் பக்கத்தின் அடியிலுள்ள ‘இம்போர்ட்/எக்ஸ்போர்ட்’ வழியாக உங்கள் தாவல் அமைப்பை ஒரு கோப்பாகச் சேமித்து வேறொரு வட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கோப்பில் ஆட்-இன் தேர்வுகள் அடங்குவதில்லை. டூல்பேக்குக்கான டிக்கை அடுத்த முறையும் கையால்தான் இட வேண்டியிருக்கும்.