கேமரா கேள்வி-பதில்: பன்னிரண்டு நாள், பிளக் பாயின்ட் கிடையாது

கேள்வி: அடுத்த மாதம் நானும் கணவரும் 12 நாள் மலைப்பாதையில் நடக்கப் போகிறோம். கிளம்பும் இடத்தோடு கரண்ட் முடிந்துவிடும். திரும்பி வரும்வரை சார்ஜ் போட வழியே இல்லை. என்னிடம் சோனி ஏ7 ஃபோர் கேமராவும் அதோடு வந்த ஒரே பேட்டரியும் இருக்கின்றன. ஒரு சார்ஜில் 580 படம் எடுக்கலாம் என்று போட்டிருக்கிறார்கள். நான் ஒரு நாளைக்கு 200 படம் எடுப்பேன். மொத்தம் 2,400 படம் என்றால் ஐந்து பேட்டரி வேண்டும் என்பது என் கணக்கு. மூன்றே போதும் என்கிறார் கணவர். ஒரு பெரிய பவர் பேங்க் இருந்தால் பேட்டரியே வாங்க வேண்டாம் என்கிறாள் தோழி. யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் வகுத்தலில் பிழையில்லை. வகுக்க எடுத்துக்கொண்ட 580 என்ற எண்ணில்தான் சிக்கல். அது எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

கேமரா தயாரிப்பாளர்களுக்கு ஜப்பானில் சிபா என்றொரு சங்கம் இருக்கிறது. பேட்டரிச் சோதனைக்கான முறையை வகுத்தது அதுதான். சுமார் 23 டிகிரி வெப்பத்தில், 30 விநாடிக்கு ஒரு படம் எடுக்க வேண்டும். பத்துப் படத்துக்கு ஒருமுறை கேமராவை அணைத்துவிட்டு மறுபடி ஆன் செய்ய வேண்டும். பேட்டரி தீரும்வரை இப்படியே எடுத்து, எத்தனை படம் தேறியது என்று எண்ணுகிறார்கள். 30 விநாடிக்கு ஒன்று என்றால் 580 படத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்? 290 நிமிடம். அதாவது ‘580 படம்’ என்பதைக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேர வேலை என்றுதான் படிக்க வேண்டும். உங்களுடையது மிரர்லெஸ் கேமரா, அதாவது உள்ளே கண்ணாடி கிடையாது, காட்சியைத் திரையில்தான் பார்க்கிறீர்கள். அதில் ஷட்டரை அழுத்தும் அந்த நொடி பெரிய செலவில்லை. படத்தைப் பிடிக்கும் சென்சாரும் திரையும் விழித்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும்தான் செலவு.

இதை நான் காட்டில்தான் கற்றுக்கொண்டேன். ஓர் ஓடைக்கரையில் மீன்கொத்திக்காகக் காலை முழுவதும் வியூஃபைண்டரில், அதாவது கண்ணை ஒட்டிப் பார்க்கும் சின்னத் திரையில், கண்ணை வைத்துக் காத்திருந்தேன். எடுத்தது 140 படம். பேட்டரியில் மிச்சம் 8 சதவீதம். அதே கேமராவில், அதே பேட்டரியில், வேறொரு நாள் ஒரு நடன நிகழ்ச்சியைத் தொடர் கிளிக்கில் எடுத்தேன். 1,600 படம் தாண்டியும் 30 சதவீதம் இருந்தது. அன்று முதல் நான் பேட்டரியைப் படக்கணக்கில் எண்ணுவதில்லை.

ஆகவே வாங்குவதற்கு முன்னால் நீங்கள் அளந்து பாருங்கள். ஒரு விடுமுறை நாளில் பேட்டரியை முழுக்க நிரப்பி, மலையில் எப்படி எடுப்பீர்களோ அப்படியே மூன்று மணி நேரம் நடந்துகொண்டே எடுங்கள். முடிந்ததும் சதவீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சில மாற்றங்களைச் செய்துவிட்டு இன்னொரு நாள் அதே மூன்று மணி நேரம். ஏர்பிளேன் மோடைப் போடுங்கள். இது முக்கியம்: புளூடூத் இணைப்பு விழித்திருந்தால் சில கேமராக்கள் சுவிட்சை அணைத்த பிறகும் போனோடு பேசிக்கொண்டிருக்கும். எடுத்தவுடன் படம் திரையில் வருவதை நிறுத்துங்கள். ஷட்டரைத் தொடாதபோதும் ஃபோகஸ் தேடிக்கொண்டே இருக்கும் வசதி ஆனில் இருந்தால் அணையுங்கள். தானாக உறங்கும் நேரத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறையுங்கள். நடக்கும்போது சுவிட்சையே அணைப்பது அதைவிட நல்லது.

இன்னொன்று, வியூஃபைண்டரில் பார்த்தால் மிச்சம் என்று பலர் நம்புகிறார்கள். உங்கள் கேமராவுக்குச் சோனியே கொடுத்திருக்கும் கணக்கில் பின்திரைக்கு 580, வியூஃபைண்டருக்கு 520. வியூஃபைண்டர்தான் அதிகம் தின்கிறது. ஆனால் அதைக் கண்ணிலிருந்து எடுத்தால் தூங்கிவிடுகிற மாதிரி அமைத்துக்கொண்டால் கதை மாறும். இரண்டையும் சோதித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இந்த மாற்றங்களைச் செய்வதற்கு முன் என் கணக்கு மூன்று மணி நேரத்துக்கு 34 சதவீதம். செய்த பின் 18. உங்களுக்கும் 18 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 6 சதவீதம், எட்டு மணி நேர நடைக்கு 48, பன்னிரண்டு நாளைக்கு 576. ஏறத்தாழ ஆறு பேட்டரி. மலைக்குளிரில் ஒவ்வொரு பேட்டரியும் முக்கால் பங்குதான் கொடுக்கும் என்று நான் வைத்துக்கொள்வேன். அப்போது எட்டு ஆகிறது. கையில் ஒன்று போக, ஏழு வாங்க வேண்டும்.

ஏழு என்றதும் மலைக்க வேண்டாம். இங்கேதான் தோழி சொன்ன பவர் பேங்கைப் பார்க்க வேண்டும். 20,000 எம்ஏஎச் என்று அச்சிட்டிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. எம்ஏஎச்சை ஆயிரத்தால் வகுத்து வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட் அவர், உள்ளே இருக்கும் மொத்தச் சக்தி அதுதான். வோல்ட்டேஜை மாற்றும்போதும் பேட்டரியில் ஏற்றும்போதும் கால்பங்கு வெப்பமாகப் போய்விடும் என்று வைத்தால் மீதி 55. உங்கள் என்பி-எஃப்இசட்100 பேட்டரி ஒன்று 16.4 வாட் அவர். மூன்று முறை நிரம்பும், நாலாவது முறை பாதியைக்கூட எட்டாது. எடையிலும் மிச்சமில்லை: பேட்டரி ஒன்று 83 கிராம்தான், மூன்றும் சேர்ந்து 250 கிராம். அந்த அளவு பவர் பேங்க் பொதுவாக 350 கிராமுக்குக் குறையாது. பவர் பேங்கின் நன்மை விலை மட்டுமே.

எனக்கு முழுப் பேட்டரிகள்தான் பிடிக்கும். ஒன்று பழுதானால் ஒன்றோடு போகும். பவர் பேங்க் நனைந்தாலோ ஒயர் அறுந்தாலோ மூன்று பேட்டரி ஒரே நேரத்தில் போன மாதிரி. பணம் இடிக்கிறது என்றால் கையிலிருப்பதோடு சேர்த்து ஐந்து பேட்டரியும் ஒரு பவர் பேங்கும் எடுத்துப்போங்கள், இரண்டு ஒயரோடு. அந்தப் பவர் பேங்கில் போனைச் செருகக்கூடாது என்று கணவரிடம் இப்போதே பேசிவைத்துவிடுங்கள். பேட்டரிகளை இருவர் பையிலும் பிரித்து வையுங்கள்.

ராத்திரி கூடாரத்தில் படுத்துக்கொண்டு அன்றைக்கு எடுத்த படங்களைப் பார்க்கும் ஆசை யாருக்கும் வரும். அரை மணி நேரம் பார்த்தால் அதுவும் அரை மணி நேர வேலைதான். ஊர் திரும்பும்வரை பொறுங்கள்.

கேள்வி: கம்பெனி பேட்டரி விலைக்கு வேறு பிராண்டில் இரண்டு கிடைக்கிறது. அதில் எம்ஏஎச் கூட அதிகமாகப் போட்டிருக்கிறது. வாங்கலாமா?

பதில்: அந்த அதிக எம்ஏஎச்தான் என்னை முதலில் சந்தேகப்பட வைக்கும். ஒரே அளவுக் கூட்டுக்குள் ஏறக்குறைய ஒரே மாதிரி செல்தான் அடங்கும். ஒரிஜினலில் 1040 என்று இருக்கும் இடத்தில் 1500 என்று போட்டிருந்தால், அந்தக் கூடுதல் எங்கே உட்கார்ந்திருக்கிறது? சமையலறைத் தராசில் இரண்டையும் வைத்துப் பாருங்கள். எண் பெரிதாகவும் எடை குறைவாகவும் இருந்தால் அந்த எண்ணை நம்பாதீர்கள். எம்ஏஎச்சை விட வாட் அவரைப் படிப்பது நல்லது, வோல்ட்டேஜ் வேறுபாடு அதில் ஒளிந்துகொள்ள முடியாது.

நல்ல மாற்று பேட்டரிகளும் இருக்கின்றன, நானும் வைத்திருக்கிறேன். ஆனால் ஒரு முறை பட்டது மறக்காது. பெயர் சொல்ல விரும்பாத ஒரு மாற்று பேட்டரி, ஒரு நீண்ட பயணத்தின் நான்காம் நாள் கேமராவுக்குள்ளேயே உப்பிக்கொண்டது. விரலால் இழுத்தால் வரவில்லை. குத்தி எடுக்கவும் பயம், லித்தியம் செல்லைத் துளைத்தால் தீப்பிடிக்கும். பக்கத்தில் மூன்று நிறைந்த பேட்டரிகள் இருந்தும் மீதி ஐந்து நாள் நான் ஒரு படம்கூட எடுக்கவில்லை. அந்த ஐந்து நாட்களை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

அதனால் நான் செய்வது இது. வாங்கியதும் மூன்று நான்கு முறை நிரப்பித் தீர்க்கிறேன். ஒவ்வொரு முறையும் கேமராவை முக்காலியில் நிறுத்தி வீடியோ ஓடவிட்டு, எத்தனை நிமிடத்தில் அணைகிறது என்று ஒரிஜினலோடு ஒப்பிடுகிறேன். சதவீதம் ஒழுங்காக இறங்குகிறதா, 40-லிருந்து சட்டென்று செத்துப்போகிறதா என்றும் பார்க்கிறேன். தேறியதை மட்டும் பையில் வைக்கிறேன். பயணத்துக்கு முன் கேமராவின் ஃபர்ம்வேரை, அதாவது உள்ளே ஓடும் மென்பொருளை, புதுப்பித்தால் மாற்று பேட்டரிகளை மறுபடி போட்டுப் பாருங்கள். நேற்றுவரை ஏற்றுக்கொண்டதைக் கேமரா இன்று மறுப்பதுண்டு.

பழைய ஒரிஜினல் பேட்டரி யாராவது கொடுத்தால்? நிக்கானிலும் கேனானிலும் பல மாடல்களின் மெனுவில் பேட்டரி நிலை காட்டும். நிக்கானில் 0 புதியது, 4 என்றால் மாற்றும் காலம். கேனானில் மூன்று பச்சைக் கட்டம் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், சிவப்பு என்றால் வேண்டாம்.

கேள்வி: பனிப்பிரதேசத்தில் 50 சதவீதம் காட்டிய பேட்டரி திடீரென்று அணைந்துவிட்டது. கெட்டுப்போய்விட்டதா?

பதில்: இல்லை, குளிர்ந்துவிட்டது. குளிரில் செல்லுக்குள் அயனிகள் நகர்வது மந்தமாகி, உள்தடை ஏறுகிறது. கேமரா மின்சாரம் கேட்கும்போது வோல்ட்டேஜ் விழுகிறது. தீர்ந்துவிட்டது என்று நினைத்துக் கேமரா அணைகிறது. சக்தி உள்ளேயேதான் இருக்கிறது. சட்டைக்குள், உடம்போடு ஒட்டிய பாக்கெட்டில் அரை மணி நேரம் வைத்துவிட்டு மறுபடி போடுங்கள். அப்படி ‘செத்த’ ஒன்றிலிருந்து இன்னும் 90 படம் எடுத்திருக்கிறேன். அதனால் குளிரில் இரண்டு பேட்டரிகளை மாற்றி மாற்றிப் போடுவதே என் வழக்கம், இரவில் எல்லாமே தூங்கும் பைக்குள் வந்துவிடும். அடுப்பருகே வைத்துச் சூடாக்க வேண்டாம். உறைநிலைக்குக் கீழே பவர் பேங்கில் சார்ஜ் போடவும் வேண்டாம்: அந்தக் குளிரில் ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படிந்து செல் நிரந்தரமாகக் கெடும்.

கேள்வி: புது மிரர்லெஸ்ஸும் பழைய டி.எஸ்.எல்.ஆரும் இருக்கின்றன. கரண்ட் இல்லாத பயணத்துக்கு எது?

பதில்: பழையதைத் தூக்கிக்கொண்டு போங்கள் என்று தயங்காமல் சொல்வேன். டி.எஸ்.எல்.ஆரில் நீங்கள் பார்ப்பது லென்ஸ் வழியே வந்து உள்ளே இருக்கும் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை, அதற்குக் கரண்ட் வேண்டாம். சிபா கணக்கில் நிக்கான் டி750-க்கு 1,230, டி850-க்கு 1,840. காத்திருந்து எடுப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகத் தெரியும். பின்திரையில் பார்த்து எடுக்கும் லைவ் வியூவை மட்டும் தொடாதீர்கள், தொட்டால் அதுவும் மிரர்லெஸ்தான்.

கேள்வி: இத்தனை பேட்டரியை விமானத்தில் விடுவார்களா?

பதில்: விடுவார்கள், கைப்பையில் மட்டும். தனி பேட்டரியும் பவர் பேங்கும் செக்-இன் பெட்டியில் போகக்கூடாது. ஒவ்வொன்றும் 100 வாட் அவருக்குள் இருந்தால் அனுமதி கேட்க வேண்டியதில்லை, இங்கே பேசும் மாதிரிக் கேமரா பேட்டரி எதுவும் அதன் பக்கத்தில்கூட வராது. எண்ணிக்கைக்கு விமான நிறுவனங்கள் தனி வரம்பு வைப்பதுண்டு, டிக்கெட் போடும்போதே பார்த்துவிடுங்கள். உலோக முனைகள் மூடியிருக்க வேண்டும். மூடி தொலைந்திருந்தால் டேப் ஒட்டினாலும் சரி. சாவியும் சில்லறையும் கிடக்கும் பாக்கெட்டில் பேட்டரியைப் போடவே கூடாது.

கேள்வி: பத்து நாளுக்கு முன்பே எல்லாவற்றையும் சார்ஜ் போட்டு வைத்துவிடலாமா?

பதில்: போடலாம். லித்தியம் பேட்டரி சும்மா கிடந்தால் மாதத்துக்குச் சில சதவீதம்தான் இழக்கும். ஆனாலும் நான் கிளம்பும் முந்தின நாளில்தான் போடுவேன், அப்போதுதான் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து உப்பியிருக்கிறதா, கீறல் உண்டா என்று பார்த்துவிட முடிகிறது. பேட்டரிக்கு மேல் எண்ணும் எழுதுங்கள். நிறைந்தது முனை உள்பக்கம், தீர்ந்தது முனை வெளிப்பக்கம் என்று பைக்குள் ஒரு வரிசை பழகுங்கள். அவசரத்தில் மாற்றும்போது தீர்ந்ததையே மறுபடி போட்டுவிட்டு நிற்கும்போது, எதிரில் இருப்பது உங்களுக்காக நிற்காது. திரும்பி வந்தபின் நீண்ட நாள் பயன்படுத்தப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள், முழுதாக நிரப்பி வைக்க வேண்டாம்.