பூத்த நாற்றைப் பார்த்து அவசரப்படாதீர்கள்

“கடைசி உறைபனி நாள் என்று அட்டவணையில் போட்டிருந்த தேதி போய் மூன்று நாள் ஆகிறது. நாற்றுக் கடையில் செண்டுமல்லியும் ஜினியாவும் பூத்தே நிற்கின்றன. வாங்கி நடலாமா? போன வருடம் இப்படி நட்டுத்தான் ஒரே இரவில் எல்லாம் கருகின” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

வேண்டாம். இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள்.

அட்டவணைத் தேதி, அதாவது வசந்தத்தில் கடைசியாக உறைபனி விழும் என்று எதிர்பார்க்கும் நாள், பழைய பதிவுகளை வைத்துப் போட்ட கணக்கு. பல அட்டவணைகளில் அது 50 சதவீத நாள். அதாவது பத்து வருடத்தில் ஏறக்குறைய ஐந்து வருடம் அதற்குப் பிறகும் உறைபனி விழும். இதைத் தேதிக்குப் பக்கத்தில் ஒரு வரியாகப் போட எத்தனை காலம் ஆகும்? வருடா வருடம் மக்கள் செடியைப் பறிகொடுக்கிறார்கள், வெறும் தேதிதான் அச்சாகிறது. 10 சதவீத நாள், அதாவது பத்தில் ஒரு வருடம்தான் அதற்குப் பிறகு உறைபனி விழும் என்ற நாள், தரும் அட்டவணை கிடைத்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கடைக்காரர்கள். அந்த நாற்றுகள் சூடேற்றிய பசுமைக்குடிலில் வளர்ந்தவை, குளிர் என்றால் என்னவென்றே அறியாதவை. பூவைக் காட்டினால் விற்கும் என்பதால் சீக்கிரமே வெளியே எடுத்து வைக்கிறார்கள். செத்தால் நீங்கள் மறுபடி வாங்கப் போகிறீர்கள், அவர்களுக்கு நட்டமில்லை. “உங்கள் மண்டலத்துக்கு ஏற்றது” என்ற சீட்டைக் காட்டினாலும் மயங்காதீர்கள். குளிர் மண்டல எண் சொல்வது குளிர்காலத்தின் கடுங்குளிர் எவ்வளவு என்பதை மட்டும்தான். வசந்தத்தில் எப்போது நடலாம் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

வானிலை அறிக்கையில் 3 டிகிரி என்று வந்தாலும் நிம்மதியாக இருக்க முடியாது. வெப்பமானி ஆள் உயரத்தில் இருக்கிறது, உங்கள் செடி தரையில் இருக்கிறது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரையின் சூடு வானத்துக்குப் போய்விடும், தரையை ஒட்டிய காற்று பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடும். குளிர்காற்று கனமானது என்பதால் தோட்டத்தின் பள்ளமான மூலையில் போய்த் தேங்கும். போன வருடம் உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான்.

டேலியா மட்டும் தனிக்கணக்கு. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். அதன் கிழங்கை நாலைந்து அங்குல ஆழத்தில் புதைத்தால் முளை வெளியே வர இரண்டு மூன்று வாரம் ஆகும். லேசான உறைபனி அந்த ஆழத்துக்கு இறங்காது. அதனால் கிழங்கைக் கொஞ்சம் முன்னதாகவே நடலாம். ஆனால் முளைவிட்ட தொட்டிச் செடிக்கு இந்தச் சலுகை கிடையாது. மண் குளிர்ந்து சொதசொதவென்று இருந்தால் கிழங்குக்கும் கிடையாது, அழுகிவிடும். மண் 15 டிகிரியை ஒட்டி வரட்டும். முளை தலைகாட்டும் வரை தண்ணீர் ஊற்றாதீர்கள்.

ஏற்கெனவே நாற்று வாங்கிவிட்டீர்கள் என்றால் தொட்டியிலேயே வைத்திருங்கள். பகலில் வெளியே, இரவில் உள்ளே. முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு தினம் கொஞ்சம் கூட்டி, பத்து நாளில் முழுப் பகலுக்கும் பழக்குங்கள். நட்டபின் திடீரென்று குளிர் வந்தால் மாலையிலேயே பழைய போர்வையால் தரை வரை மூடுங்கள். பிளாஸ்டிக் தாள் மட்டும் வேண்டாம், அது தொட்ட இலை கருகும். காலையில் வெயில் ஏறியதும் போர்வையை எடுத்துவிடுங்கள்.