கிளாஸ்கோல வெள்ளிக்கிழமை சாயந்திரம், பேனா வேண்டாம் பென்சில் எடுத்துக்கங்க

தம்பி, உங்க கேள்வி பார்த்தேன். செப்டம்பர்ல படிக்க கிளாஸ்கோ வர்றீங்க, கூட தங்கப் போற பையன் வெள்ளிக்கிழமை ஆனா ஸ்பீட்வே போலாம்னு இப்பவே கூப்பிடறான், அது நம்மூரு கரி மோட்டார் ஸ்பீட்வே மாதிரிதானா, காசு குடுத்துப் போலாமா, போனா நாலு பேரு பழக்கமாவாங்களான்னு கேட்டிருக்கீங்க. நானும் கோயமுத்தூர்தானுங்க, இங்க வந்து பதினாலு வருஷம் ஆச்சு.

பேரு ஒண்ணுதான், சங்கதி வேற. செட்டிபாளையத்துல இருக்கறது தார் ட்ராக், 2 கிலோமீட்டருக்கு மேல வளைஞ்சு வளைஞ்சு போகும். இங்க சுமார் 300 மீட்டர்ல முட்டை வடிவத்துல ஒரு மண் ட்ராக், நாலு பைக், நாலு ரவுண்டு, ஒரு நிமிஷத்துல சோலி முடிஞ்சுது. 500 சிசி இன்ஜின், ஒரே கியர், பிரேக் கிடையாது. ஆமாங்க, பிரேக்கே கிடையாது. வளைவுல வண்டியச் சறுக்க விட்டு, இடது பூட்ஸ் அடியில மாட்டின இரும்பைத் தரையில தேய்ச்சுக்கிட்டே திரும்புவாங்க. ஓடறது மெத்தனால்ல, ஆயில்ல விளக்கெண்ணெய் கலந்திருக்கும், மொத நாள் அந்தப் புகை மூக்குல ஏறினதும் எனக்கு அமுச்சி வீட்டுத் திண்ணை ஞாபகம் வந்து அப்படியே நின்னுட்டேன், ஸ்காட்லாந்துல வந்து விளக்கெண்ணெய் வாசத்துக்குக் கண்ணு கலங்குவேன்னு யாரு நெனச்சா.

நம்ம ஊரு டீம் பேரு கிளாஸ்கோ டைகர்ஸ், அவங்க ஓட்டறது ரெண்டாவது டிவிஷன். அதுக்குப் பேரு சாம்பியன்ஷிப், பேரைப் பார்த்து அதுதான் உசத்தின்னு நெனச்சுராதீங்க, அதுக்கு மேல பிரீமியர்ஷிப்னு ஒண்ணு இருக்கு. ஃபுட்பால் மாதிரி ஜெயிச்சா தானா மேல போறது, தோத்தா தானா கீழ வர்றதுங்கற கணக்கெல்லாம் இல்ல, கையில இருக்கற காசைப் பார்த்து கிளப்பே முடிவு பண்ணிக்கும். பூல் பைரேட்ஸ்னு மேல பல தடவை கப்படிச்ச டீம், அவங்களா கீழ எறங்குனாங்க, கொரோனாவுல 2020 சீசனே நடக்கல, 2021ல வந்து மொத வருஷமே ஜெயிச்சாங்க, 2022லயும் அவங்கதான். 2023லதான் நம்ம டைகர்ஸ் அடிச்சது, 2011க்கு அப்புறம் அப்பதான்.

இப்ப பென்சில் விஷயத்துக்கு வர்றேன். உள்ள போறப்ப ஒரு புரோகிராம் புக் விப்பாங்க, ஒவ்வொரு ரேஸுக்கும் ஹீட்னு பேரு, ஒரு மேட்ச்ல இருக்கற 15 ஹீட்டுக்கும் அதுல கட்டம் போட்டிருக்கும். மொதல்ல வந்தா 3, ரெண்டாவதுக்கு 2, மூணாவதுக்கு 1, கடைசிக்கு முட்டை. சிவப்பு, நீல ஹெல்மெட் நம்மாளுங்க, வெள்ளையும் மஞ்சளும் வந்தவங்க. ஹீட்டுக்கு 6 பாயிண்ட், மொத்தம் 90, அதனால 46 எடுத்துட்டா மேட்ச் நம்மளுது. ஒவ்வொரு ஹீட் முடிஞ்சதும் மைதானமே குனிஞ்சு எழுதும், ஸ்கூல்ல டிக்டேஷன் போட்ட மாதிரி இருக்கும். நான் மொத நாள் பேனாவுல எழுதிட்டேன், ஒருத்தன் விழுந்தான், சிவப்பு லைட் போட்டுட்டாங்க, விழுகறதுக்குக் காரணமானவனை வெளிய அனுப்பிட்டு மிச்சம் மூணு பேரை வெச்சுத் திரும்ப ஓட்டுனாங்க, என் கட்டமெல்லாம் அடிச்சல் திருத்தல். அதுக்குள்ள தூறல் வேற, ஈரக் காகிதத்துல பேனா எழுதவே இல்ல. பக்கத்துல நின்ன வயசான அம்மா ஒண்ணுமே பேசாம கைப்பையில இருந்து ஒரு கட்டைப் பென்சிலை எடுத்து நீட்டுச்சு, முனையெல்லாம் கடிச்சு வெச்ச பென்சில். இந்த ஊருல வேலை சம்பந்தமில்லாம ஒரு ஆளு எங்கிட்ட வந்தது அதுதான் மொத தடவை, அதுவரைக்கும் ஒரு வருஷமா ஆபீஸ், ரூம், ஆபீஸ்தான். 2023ல ஜெயிச்சப்ப அந்தம்மா அழுதுக்கிட்டே கூட்டல் சரியான்னு பார்த்துட்டு இருந்துச்சு.

ஃபுட்பால்னா இங்க ரேஞ்சர்ஸா செல்டிக்கான்னு கேப்பாங்க, போட்டிருக்க சட்டைக் கலருக்கெல்லாம் அர்த்தம் இருக்கு, புதுசா வர்றவங்க கொஞ்சம் பார்த்து நடந்துக்கணும். ஸ்பீட்வேல ரெண்டு டீம் ரசிகருங்களும் கலந்தேதான் நிப்பாங்க.

ஒண்ணு மட்டும் சொல்லிப்புடறேன், யாரு மேலயும் ரொம்பப் பாசம் வெச்சுராதீங்க. ஒரு டீமுக்கு ஏழு பேரு, அவங்க எடுக்கற பாயிண்டோட ஆவரேஜை எல்லாம் கூட்டினா ஒரு அளவைத் தாண்டக் கூடாதுன்னு ரூல். நல்லா ஓட்டுனா ஆவரேஜ் ஏறிரும், அப்ப அடுத்த வருஷம் எல்லாரையும் வெச்சுக்க முடியாது, நம்ம பையன் எதிர் டீம் ஜாக்கெட்ல வந்து நிப்பான். ஜெயிச்சதுக்குத் தண்டனையான்னு எனக்கு இன்னும் கடுப்புதான். இதுல பாதிப் பேரு மேல் டிவிஷன்லயும் ஓட்டுவாங்க, போலந்து, ஸ்வீடன்னு வேற பறப்பாங்க.

நீங்க வர்றப்ப சீசன் முடியற நேரம், அக்டோபரோட சரி. ஆனா ப்ளே ஆஃப் அப்பதான். மைதானத்துப் பேரு ஆஷ்ஃபீல்டு, பாசில்பார்க்ல இருக்கு, குயின் ஸ்ட்ரீட் ஸ்டேஷன்ல மேரிஹில் லைன் ரயில் ஏறுங்க, ஆஷ்ஃபீல்டுன்னே ஸ்டேஷன் இருக்கு. வெளுத்த சட்டை வேண்டாம், வளைவுகிட்ட நின்னா ஷேல் மண்ணு அள்ளி வீசும், செங்கப்பொடி மாதிரி, என் கிரீம் கலர் ஜாக்கெட் அதோட போச்சு. மழை வலுத்தா மேட்ச் நடக்காது, கிளம்பறதுக்கு முன்னாடி ஃபோன்ல பார்த்துக்கங்க. பென்சில் எங்கிட்ட ரெண்டு இருக்குங்க.