டீச்சர் வீடு எங்கே இருக்கிறது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மா,

ஸ்தோத்திரம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் இந்த ஆண்டு செயலர் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பு வாசிப்பது என் வேலை. போன மாதம் வாசித்து முடித்து வெளியே வந்தபோது, தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே விடுதியில் தங்கி நர்சிங் படிக்கும் ஒரு தங்கை, "அண்ணா, அசனம்னா என்ன? நானும் வரலாமா?" என்று கேட்டாள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கமிட்டியில் இதைச் சொன்னேன். "நம்ம ஜனத்துக்கு எல்லாம் தெரியும். புதுசா வாரவங்க போகப் போகத் தெரிஞ்சுக்கிடுவாங்க" என்றார்கள் பெரியவர்கள். ஆயர் (எங்கள் சபைப் போதகர்) மட்டும் "மாத்தி எழுதிட்டு வாங்க, பார்ப்போம்" என்றார். அன்று வாசித்ததைக் கீழே தருகிறேன். எப்படி மாற்றலாம்? என் பெயர் வேண்டாம்.

"பெ.ஐ. கூட்டம் வழக்கம்போல் நடைபெறும். வா.ஐ. அங்கத்தினர்கள் ஆராதனைக்குப் பின் தரித்திருக்கவும். 4ஆம் பகுதி வீட்டு ஜெபம் வியாழன் மாலை டீச்சர் வீட்டில். வருகிற ஞாயிறு அசனம். காணிக்கை பாக்கியுள்ளோர் உடனே செலுத்தவும். திருவிருந்தில் திடப்படுத்தல் பெற்றோர் மட்டும் பங்குபெறவும். புதிதாக வந்திருப்போர் எழுந்து நிற்கவும்."

*

அன்புள்ள தம்பி,

உங்கள் அறிவிப்பை இரண்டு முறை படித்தேன். முதல் முறை எல்லாமே புரிந்தது. நானும் இந்தச் சொற்களுக்குள் பிறந்து வளர்ந்தவள்தானே. இரண்டாவது முறை அந்தத் தர்மபுரிப் பிள்ளை உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்து கேட்பதாக நினைத்துக்கொண்டு படித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. எந்தக் கூட்டம் எனக்கானது, எங்கே போக வேண்டும், போனால் உள்ளே விடுவார்களா, எதுவுமே தெரியவில்லை. தெளிவாகப் புரிந்தது கடைசி வரி மட்டும். அதுவோ என்னை எழுந்து நிற்கச் சொல்கிறது.

அந்தப் பிள்ளை உங்களிடம் வந்து கேட்டாள். அது பெரிய காரியம். முன்பின் தெரியாத ஊரில், ஆராதனை முடிந்து எல்லோரும் கூட்டம் கூட்டமாக நின்று பேசிக்கொண்டிருக்கும்போது, ஒரு செயலரிடம் போய் "எனக்குத் தெரியாது" என்று சொல்லப் பெரும்பாலானவர்களுக்குத் தைரியம் வராது. கேட்காமல் திரும்பிப் போனவர்களை நாம் பார்ப்பதே இல்லை. அதனால்தான் "எல்லாருக்கும் தெரியும்" என்று நம்மால் சொல்ல முடிகிறது.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரியையும் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இதைக் கேட்ட ஒருவர், யாரிடமும் எதுவும் விசாரிக்காமல், தானாக வந்து சேர முடியுமா?

வீட்டு ஜெபத்தை எடுத்துக்கொள்வோம். "டீச்சர் வீட்டில்." சபையில் 30 வருடம் இருப்பவருக்கு அது போதும். புதிதாக வந்தவருக்கு டீச்சர் யார் என்றே தெரியாது. அவருடைய தெருவைச் சொன்னாலும், ஒரு பெண் தனியாக இருட்டும் நேரத்தில் தெரியாத வீட்டுக் கதவைத் தட்ட மாட்டாள். தான் நான்காம் பகுதியா ஐந்தாம் பகுதியா என்பதும் அவளுக்குத் தெரியாது. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "ஒவ்வொரு வியாழக்கிழமையும் பக்கத்தில் குடியிருப்பவர்கள் சேர்ந்து, ஒரு வீட்டில் கூடிப் பாடி ஜெபிக்கிறோம். இந்த வாரம் மாலை 6.30 மணிக்கு. 7.30க்கு முடிந்துவிடும். வீடு தெரியாதவர்கள் 6.15க்கு ஆலய வாசலுக்கு வந்தால் போதும், நானும் என் மனைவியும் கூட்டிக்கொண்டு போகிறோம். நீங்கள் எந்தப் பகுதி என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை."

முடியும் நேரத்தை நாம் யாரும் சொல்வதே இல்லை, கவனித்திருக்கிறீர்களா? விடுதிப் பிள்ளைகளுக்கு இத்தனை மணிக்குள் உள்ளே வந்துவிட வேண்டும் என்று கட்டுப்பாடு இருக்கும். ஆஸ்பத்திரியில் ஷிப்ட் பார்க்கும் நர்சுகளுக்கும், கடைசி பஸ்ஸை நம்பி வருகிறவர்களுக்கும் தொடங்கும் நேரத்தைவிட முடியும் நேரம்தான் முக்கியம். அது தெரியாததாலேயே எத்தனையோ பேர் வராமல் இருந்துவிடுகிறார்கள். அதேபோல "வருகிற ஞாயிறு" என்பதை விட்டுவிட்டுத் தேதியைச் சொல்லிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை நின்றுகொண்டு "வருகிற ஞாயிறு" என்றால் பழையவர்களே குழம்புவார்கள்.

பெ.ஐ., வா.ஐ. இரண்டையும் விரித்து, பெண்கள் ஐக்கியம், வாலிபர் ஐக்கியம் என்று முழுசாகச் சொல்லுங்கள். அங்கே என்ன செய்வீர்கள், யார் வரலாம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் சேர்த்தால் போதும். "அங்கத்தினர்கள்" என்ற சொல் மட்டும் வேண்டாம். அதைக் கேட்டதும் புதிதாக வந்த வாலிபன் பைபிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான்.

இனி அசனத்துக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

நம் தென்மாவட்டச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பெரிய அண்டாக்களும் விறகுப் புகையும் நினைவுக்கு வரும். ஒரு வீட்டிலிருந்து அரிசி வரும், இன்னொரு வீட்டிலிருந்து தேங்காய் வரும், நேர்ந்துகொண்டவர்கள் ஆடு கொடுப்பார்கள். சபை முழுவதும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும். ஆனால் வடமாவட்டத்தில் வளர்ந்த கிறிஸ்தவப் பிள்ளைக்கே இந்தச் சொல் தெரியாமல் இருக்கலாம். பிற மதத்தவருக்கு எப்படித் தெரியும்? அசனம் என்றால் உணவு என்று பொருள், அவ்வளவுதான். பழைய சொல், அழகான சொல். அதை மாற்றச் சொல்ல மாட்டேன். சொல்லை வைத்துக்கொண்டு பக்கத்தில் அர்த்தத்தையும் வையுங்கள்.

சொல் தெரியாதது அங்கே சின்ன விஷயம்தான். பெரிய விஷயம் அடுத்த வரியில் இருக்கிறது: "காணிக்கை பாக்கியுள்ளோர் உடனே செலுத்தவும்." இதைக் கேட்கும் புதியவருக்கு என்ன தோன்றும்? பணம் கட்டியவர்களுக்குத்தான் சாப்பாடு என்று தோன்றும். கட்டாதவர் கௌரவமாக வீட்டிலேயே இருந்துவிடுவார். புதியவர் மட்டுமல்ல தம்பி, அந்த வருடம் வேலை போன நம் சபைக் குடும்பமும் வராது. ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதற்காகவே வைத்திருக்கும் ஒரு நாளில், ஒரு வரி சிலரை வெளியே நிறுத்திவிடுகிறது. பாக்கியை வசூலிக்க வேண்டியதுதான். அதைப் பொருளாளர் வீட்டுக்குப் போய்க் கேட்கட்டும். ஒலிபெருக்கியில் வேண்டாம். என் வாசகம் இது: "20ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நம் சபையின் அசனம். அதாவது, சபையாக எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் நாள். ஆராதனை முடிந்ததும் பகல் 12 மணிக்கு ஆலய வளாகத்தில் பந்தி தொடங்கும். காணிக்கை கொடுத்தவர், கொடுக்காதவர், இன்று முதல் முறை வந்தவர், எல்லோருக்கும் இலை உண்டு. பக்கத்து வீட்டாரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்."

ஸ்தோத்திரக் காணிக்கை கொடுத்தவர்களின் பெயரையும் தொகையையும் வரிசையாக வாசிக்கும் வழக்கம் உங்கள் சபையில் இருந்தால், அதைப் பற்றியும் ஆயரிடம் பேசிப் பாருங்கள். பெயருக்காக ஜெபிக்கலாம். தொகையை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடலாம். முதல் முறை வந்தவர் பத்து நிமிடம் ரூபாய்க் கணக்கைக் கேட்டுவிட்டுப் போனால், பிரசங்கத்தைவிட அதுதான் மனதில் தங்கும்.

திருவிருந்து என்றால் இயேசுவை நினைவுகூர்ந்து அப்பமும் திராட்சரசமும் பெற்றுக்கொள்வது; திடப்படுத்தல் என்றால் ஞானஸ்நானம் பெற்றவர் தன் விசுவாசத்தை அறிக்கையிட்டுச் சபையில் உறுதிப்படுத்தப்படுவது. அந்த வரியில் எனக்கு ஒரு வருத்தம். யார் பங்குபெறலாம் என்பதை நீங்களோ நானோ முடிவு செய்ய முடியாது, அது ஆயர் சொல்ல வேண்டியது. ஆனால் "மட்டும்" என்று முடித்துவிட்டால் மற்றவர்கள் என்ன செய்வது? வரிசையாக எல்லோரும் எழுந்து முன்னே போகும்போது, தனியாக உட்கார்ந்திருப்பவருக்கு ஊரே தன்னைப் பார்ப்பது போல் இருக்கும். என் தோழி ஒருத்தி, இந்துப் பெண், என்னோடு ஒரு முறை ஆராதனைக்கு வந்தாள். அந்த நேரத்தில் என் கையைப் பிடித்து "நான் வெளியே போயிடணுமா?" என்று கேட்டாள். அதனால் ஆயரிடம் கேட்டுக்கொண்டு இன்னும் இரண்டு வாக்கியம் சேருங்கள். பங்குபெறாதவர்கள் தங்கள் இடத்திலேயே அமர்ந்து ஜெபிக்கலாம், பாடலில் சேர்ந்துகொள்ளலாம். ஆயர் சம்மதித்தால், முன்னே வந்து தலைவணங்கி ஆசீர்வாதம் பெற்றுக்கொள்ளலாம். அவர்கள் கைக்கும் காலுக்கும் ஒரு வேலை கிடைத்துவிட்டால் பதற்றம் போய்விடும்.

பாடல் எண்ணும் இப்படித்தான். பாமாலைப் புத்தகத்துக்கு ஒரு எண் வரிசை, கீர்த்தனைப் புத்தகத்துக்கு வேறொரு எண் வரிசை. எண்ணை மட்டும் சொன்னால் புதியவர் தவறான பாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருப்பார். திரையில் வரிகள் வருகிற சபைகளில் இந்தக் கஷ்டம் இல்லை.

சரி, கடைசி வரி. "புதிதாக வந்திருப்போர் எழுந்து நிற்கவும்."

கல்யாணமான புதிதில், கணவர் வேலை பார்த்த ஊரில் ஒரு சபைக்கு முதல் முறை போனேன். பட்டுச்சேலை, தலையில் முக்காடு, பெண்கள் பக்கம் யாரையும் தெரியாது. அறிவிப்பின் நடுவே எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றேன். பெயர் கேட்டார்கள், சொன்னேன். "சொந்த ஊர் எது?" என்றார்கள். சொன்னேன். "அந்த ஊர்ல எந்தத் தெரு?" என்று இன்னொரு குரல் வந்தது. எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். ஊரும் தெருவும் கேட்பது சாதி கேட்பதுதான். கேட்டவர் சும்மா தெரிந்தவர்களை விசாரிக்கவும் கேட்டிருக்கலாம். ஆனால் அத்தனை பேர் முன்னால் நின்றுகொண்டிருந்த எனக்கு வாய் எழவில்லை. கைதட்டி வரவேற்புப் பாட்டுப் பாடினார்கள். நல்ல மனதோடுதான் பாடினார்கள். அடுத்த ஞாயிறு நான் வேறு சபைக்குப் போனேன்.

பைபிளில் யாக்கோபு தன் நிருபத்தின் (கடிதத்தின்) இரண்டாம் அதிகாரத்தில் சொல்வது ஆராதனைக்குப் புதிதாக வந்த இரண்டு பேரைப் பற்றித்தான். பொன்மோதிரம் போட்டவனை நல்ல இடத்தில் உட்காரச் சொல்கிறார்கள், ஏழையை அங்கே நில் என்கிறார்கள். வாசலில் என்ன விசாரிக்கிறோம் என்பதற்கும் அந்தப் பகுதிக்கும் சம்பந்தம் இருக்கிறது.

எனவே யாரையும் எழுப்பாதீர்கள், ஊரைக் கேட்காதீர்கள். உட்கார்ந்திருக்கும்போதே வரவேற்கலாம்: "இன்று முதல் முறையாக வந்திருப்பவர்களுக்கு எங்கள் அன்பின் வாழ்த்துகள். ஆராதனை சுமார் ஒன்றரை மணி நேரம் நடக்கும். காணிக்கைப் பை வரும்போது நீங்கள் எதுவும் போட வேண்டும் என்பதில்லை. ஆராதனை முடிந்ததும் நான் வலது பக்க வாசலில் நிற்பேன். ஏதாவது கேட்க வேண்டுமானால் வாருங்கள், இல்லையென்றால் வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு டீ குடித்துவிட்டுப் போங்கள்." இதை அறிவிப்பின் கடைசியில் வைக்காமல் முதலில் வையுங்கள். "செயலரை அணுகவும்" என்று எழுத வேண்டாம். செயலர் யாரென்று அவருக்குத் தெரியாது, உங்கள் முகம் தெரியும்.

இனி கமிட்டிப் பெரியவர்கள். அவர்களோடு சண்டை வேண்டாம். ஆலயத்தைக் கட்டிக் காத்தவர்கள் அவர்கள். பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தை அவர்களோடு உட்கார்ந்து வாசியுங்கள். அவர் அங்கே பேசுவது அந்நிய பாஷைகளைப் பற்றி. ஆனாலும் கேள்வி நமக்கும் பொருந்தும்: நீ சொல்வது புரியாமல் பக்கத்தில் இருப்பவன் உன் ஸ்தோத்திரத்துக்கு எப்படி ஆமென் சொல்வான்? பெரியவர்களுக்கு இந்த வசனம் மனப்பாடமாகவே இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லுங்கள். 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்குவுக்கு ஒரு தமிழ்ச் சொல்கூடத் தெரியாது. சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதிப் படித்தார். சுமார் ஒன்பது வருடத்தில் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகிவிட்டது. அந்தப் பிள்ளைகளும் அவர்களுடைய வாத்தியாரும் "போகப் போகத் தெரிஞ்சுக்கிடுவாரு" என்று விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1947 செப்டம்பர் 27 அன்று நம் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோதும் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல், பிரெஸ்பிட்டேரியன் என்று வெவ்வேறு மரபில் வந்தவர்கள் ஒரே கூரையின் கீழ் வந்தார்கள். ஒருவருடைய வழக்கத்தை மற்றவர் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் சபையானார்கள்.

நீளமாகிவிடும், பழையவர்களுக்குச் சலிக்கும் என்று சொல்வார்கள். அது நியாயமான கவலைதான். அதனால் அந்த வாரத்துக்குத் தேவையான நான்கு விஷயங்களை மட்டும் வாசியுங்கள். போன் நம்பர், சபைத் தேர்தலுக்கான வாக்காளர் பட்டியல், கணக்கு எல்லாம் பலகைக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கும் போகட்டும். செருப்பை எங்கே விடுவது, ஆண்கள் பெண்கள் எந்தப் பக்கம், குழந்தை அழுதால் எங்கே தூக்கிக்கொண்டு போகலாம் என்பவை வாசலிலேயே பெரிய எழுத்தில் இருக்கட்டும். அப்புறம் பாருங்கள், கிராமத்து வீட்டைப் பூட்டிவிட்டு மகனோடு இருக்க வந்த பாட்டியும், கல்யாணமாகி வந்த மருமகளும், பத்து வருடம் வராமலிருந்து திரும்பி வந்தவரும்தான் முதலில் உங்களுக்கு நன்றி சொல்வார்கள்.

எழுதியதை ஆயரிடம் காட்டுவதற்கு முன் அந்தத் தர்மபுரித் தங்கையிடம் ஒரு முறை வாசித்துக் காட்டுங்கள். அவள் எங்கே நிறுத்திக் கேள்வி கேட்கிறாளோ, அந்த இடத்தை மாற்றுங்கள்.

ஒன்று மட்டும். வியாழக்கிழமை 6.15க்கு வாசலில் நிற்கப்போவது யார் என்று முதலில் வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். மழை பெய்தாலும், ஒருவரும் வராவிட்டாலும், 6.30 வரை ஒருவர் அங்கே நிற்க வேண்டும். அதற்கு ஆள் உறுதியாகும்வரை அந்த வரியை வாசிக்காதீர்கள்.

அன்புடன்,
அம்மா