நகம் நீலமானால் நாக்கைப் பாருங்கள்

கேள்வி: அப்பாவுக்கு வயது 62. காசிமேட்டில் மீன் பெட்டிகளுக்கு ஐஸ் போடுகிறார். 40 வருடமாகப் பீடி பழக்கம். கொஞ்ச நாளாக நகமும் உதடும் நீலமாகத் தெரிகின்றன. "ஐஸ்ல கை வெச்சா அப்படித்தான்" என்கிறார். இது நுரையீரல் கோளாறா, இதயக் கோளாறா?

பதில்: நகத்தைப் பொறுத்தவரை அப்பா சொல்வது சரியாக இருக்கலாம். குளிரில் விரல்களின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். மெதுவாக ஓடும் ரத்தத்திலிருந்து திசுக்கள் ஆக்சிஜனை அதிகமாக எடுத்துக்கொள்ள, மிச்சம் கருத்துப்போய் நீலமாகத் தெரியும். கை சூடானால் மறைந்துவிடும். ஆனால் உதடு ஐஸைத் தொடவில்லையே!

இன்றைக்கே வாசலில், பகல் வெளிச்சத்தில், அவரை நாக்கை நீட்டச் சொல்லுங்கள். டியூப்லைட் வேண்டாம், ஏமாற்றிவிடும். நம் நிறத்துக்கு உதட்டைவிட நாக்கும் உதட்டின் உட்புறமும்தான் நம்பகமானவை. பீடி பிடித்தவர் உதடு எப்படியும் கருத்திருக்கும். நாக்கே நீலம் என்றால், உடம்பு முழுக்கப் போகும் ரத்தத்திலேயே ஆக்சிஜன் குறைவு என்று பொருள். இதைத்தான் சென்ட்ரல் சயனோசிஸ் என்கிறோம். ரத்தசோகை உள்ளவருக்கு ஆக்சிஜன் மோசமாகக் குறைந்தும் நீலம் தெரியாமல் போகலாம்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் என் முதல் சந்தேகம் சி.ஓ.பி.டி. மேல்தான்; மூச்சுக்குழாய் குறுகி மூச்சு வாங்கவைக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய் அது. காலையில் சளியோடு இருமலா, மாடி ஏறினால் இரைப்பா என்று கேளுங்கள். நுரையீரலா, இதயமா என்று தனித்தனியாகப் பிரிக்கவும் முடியாது. ஆக்சிஜன் குறைந்தால் நுரையீரலின் ரத்தக்குழாய்கள் இறுகும். அவற்றுக்குள் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலப்பக்கம் களைத்துப்போகும், கால் வீங்கும். மாறாக, இடப்பக்கம் பலவீனமானால் நுரையீரலில் நீர் கோத்து, மல்லாந்து படுக்க முடியாமல் இரண்டு தலையணை கேட்பார்.

ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இருந்தால் கை சூடான பிறகு மாட்டுங்கள்; சில்லிட்ட விரலில் தப்பாகக் காட்டும். பீடிப் புகையின் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் இருந்தால் உள்ளதைவிடக் கூட்டியும் காட்டும். நாக்கு நீலமாக இருந்தாலோ, கருவி 92 சதவீதம் அல்லது அதற்குக் கீழே காட்டினாலோ அன்றே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். 90-க்குக் கீழே, அல்லது பேசவே மூச்சு வாங்கினால், 108. மருத்துவமனையில் மார்பு எக்ஸ்ரே, இ.சி.ஜி., இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ, ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி எடுப்பார்கள்.

அப்புறம், வாடகைக்கு ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கி நீங்களாகத் திறந்துவிடாதீர்கள். சி.ஓ.பி.டி. நோயாளிகளுக்கு ஆக்சிஜன் கொடுக்கும்போது 88 முதல் 92 சதவீதம் வரைதான் பொதுவாக நாங்கள் வைக்கும் இலக்கு. அதிகமாகக் கொடுத்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறி மயக்கம் வரலாம்.