வாசகர் கேள்வி – பதில்: ‘பார்க் ரோ’ படமும் பத்திரிகை வரலாறும்

கேள்வி: பத்தொன்பதாம் நூற்றாண்டு நியூயார்க்கில் இரண்டு நாளிதழ்கள் மோதிக்கொள்வதைச் சொல்லும் ‘பார்க் ரோ’ என்ற பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்தேன். அது பத்திரிகை அதிபர்களான புலிட்சருக்கும் ஹெர்ஸ்டுக்கும் நடந்த போட்டியின் கதைதானா? அதில் எவ்வளவு உண்மை?

பதில்: அந்தப் போட்டியின் கதை அல்ல. படம் நடப்பது 1886இல். ஹெர்ஸ்ட் நியூயார்க்கில் ‘ஜர்னல்’ இதழை வாங்கியது 1895இல்தான். சாமுவேல் ஃபுல்லர் எழுதி இயக்கி 1952இல் வெளியிட்ட இப்படத்தில் மோதிக்கொள்ளும் ‘ஸ்டார்’, ‘குளோப்’ ஆகிய இரண்டுமே கற்பனை இதழ்கள். ஆனால் அவற்றைச் சுற்றி நிகழ்பவை பெரும்பாலும் வரலாற்றிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதால் உங்களுக்கு அந்த ஐயம் எழுந்ததில் வியப்பில்லை.

சுதந்திர தேவி சிலையின் பீடத்துக்கு நிதி திரட்டும் பகுதியை எடுத்துக்கொள்வோம். பிரான்சிலிருந்து சிலை 1885 ஜூன் மாதம் பெட்டிகளில் வந்து சேர்ந்தபோது, அதை நிறுத்தப் பீடம் கட்டி முடிக்கப் பணமில்லை. செல்வந்தர்கள் கைவிரித்த நிலையில், ஜோசப் புலிட்சர் தம்முடைய ‘வேர்ல்ட்’ நாளிதழில் பொதுமக்களிடம் நிதி கேட்டார். எவ்வளவு சிறிய தொகை அனுப்பினாலும் அனுப்பியவரின் பெயரை அச்சிடுவதாக வாக்களித்தார். 1885 ஆகஸ்டுக்குள் ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்துவிட்டது. தம் பெயரை அச்சில் காண விரும்பியவர்கள் இதழையும் வாங்கினார்கள் என்பதால், பொதுநலமும் விற்பனையும் ஒரே முயற்சியில் கைகூடின. ஃபுல்லர் இந்தப் பெருமையைப் புலிட்சரிடமிருந்து எடுத்து, கதாநாயகன் ஃபினியஸ் மிட்செல் நடத்தும் ‘குளோப்’ இதழுக்குக் கொடுத்துவிட்டார். புரூக்ளின் பாலத்திலிருந்து ஸ்டீவ் பிராடி ஆற்றில் குதித்ததாகச் சொல்லப்படும் 1886 ஜூலை நிகழ்ச்சியும் படத்தில் வருகிறது. அவர் உண்மையில் குதித்தாரா என்று அப்போதே பலர் ஐயப்பட்டனர். படமோ அந்த ஐயத்துக்கு இடம் தராமல் அதைச் சுவையான செய்தியாக்கிக்கொள்கிறது. வெவ்வேறு இதழ்களின் சாதனைகளை ஒரே அலுவலகத்துக்குள் குவித்த கதை இது. எனவே இதை வரலாற்றுப் பாடமாகக் கொள்ளாமல், நாளிதழ் அலுவலகங்கள் நிறைந்திருந்த பார்க் ரோ தெருவின் மீது ஒரு பத்திரிகைக்காரருக்கு இருந்த பித்தாகக் கொள்வதே பொருந்தும்.

கேள்வி: படத்தில் லைனோடைப் என்னும் அச்சுக்கோக்கும் இயந்திரத்துக்கு ஏன் அத்தனை முக்கியத்துவம்?

பதில்: அதற்கு முன்பு செய்தியின் வேகம் அச்சுக்கோப்பவரின் விரல்களின் வேகத்தைத் தாண்ட முடியவில்லை. ஒவ்வொரு ஈய எழுத்தையும் அதற்குரிய அறையிலிருந்து பொறுக்கி, வரிகளாக அடுக்கி, அச்சிட்டு முடித்ததும் மறுபடி பிரித்து அந்தந்த அறையில் போட வேண்டும். ஜெர்மனியில் பிறந்து பால்டிமோரில் பணியாற்றிய ஓட்மார் மெர்கென்தாலர் உருவாக்கிய இயந்திரத்திலோ, விசைப்பலகையைத் தட்டினால் எழுத்துகளுக்கான பித்தளை அச்சுகள் வரிசையாக வந்து நிற்கும். சொற்களுக்கு நடுவே ஆப்புப் போன்ற துண்டுகள் மேலேறி வரியின் அகலத்தைச் சரிசெய்யும். உருகிய உலோகம் பாய்ந்து ஒரு முழு வரியும் ஒரே கட்டியாக வார்க்கப்படும். பித்தளை அச்சுகள் தாமாகவே தத்தம் இடத்துக்குத் திரும்பிவிடும். அச்சிட்ட வரிகளை உருக்கி மீண்டும் பயன்படுத்தலாம். எழுத்துகளைப் பிரித்துப் போடும் வேலை அடியோடு ஒழிந்தது என்பதே, வேகத்தைவிடப் பெரிய இலாபம் என்று நான் கருதுகிறேன்.

படத்தில் மெர்கென்தாலர் ‘குளோப்’ அலுவலகத்திலேயே இந்த இயந்திரத்தை உருவாக்குகிறார். உண்மையில் அது முதலில் நாளிதழ் வேலைக்கு இறங்கியது 1886 ஜூலை 3 அன்று ‘நியூயார்க் டிரிப்யூன்’ அலுவலகத்தில். அந்த ‘டிரிப்யூன்’, மிட்செல் தெய்வமாக மதிக்கும் ஹொரேஸ் கிரீலி 1841இல் தொடங்கிய இதழ் என்பதால், பெருமை வெகுதூரம் போய்விடவில்லை என்று ஆறுதல் கொள்ளலாம்.

கேள்வி: ‘ஸ்டார்’ இதழின் உரிமையாளராக ஒரு பெண் வருகிறாரே, அக்காலத்தில் அது நடக்கக்கூடியதா?

பதில்: நடந்திருக்கிறது. கணவர் ஃபிராங்க் லெஸ்லி 1880இல் இறந்த பின், கடனில் மூழ்கியிருந்த அவருடைய இதழ்களை மிரியம் லெஸ்லி அதே நியூயார்க்கில் ஏற்று நடத்தி நிமிர்த்தினார். ஆகவே சேரிட்டி ஹேக்கெட் என்ற பாத்திரத்தை நம்பலாம். மேரி வெல்ச் அதைக் கம்பீரமாகவும் செய்திருக்கிறார். அவர் கடைசியில் மனம் மாறித் தம் இதழையே பலியிடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. விற்பனைக்காக ஆளை வைத்து அடிக்கும் அளவுக்குப் போன போட்டியைக் காதல் ஒரே இரவில் கரைத்துவிடுவது திரைக்கதையின் சோம்பல். பார்க் ரோவின் உண்மையான போட்டிகள் விலையைக் குறைத்தும் ஆட்களை இழுத்தும் ஆண்டுக்கணக்கில் நீண்டன.

கேள்வி: இவ்வளவு நல்ல படம் ஏன் ஓடவில்லை?

பதில்: பெரிய நட்சத்திரங்கள் இல்லை. கதாநாயகன் ஜீன் எவன்ஸ், ஃபுல்லரின் முந்தைய போர்ப் படத்தில் நடித்த முரட்டு முகக்காரர். வண்ணத்தில், பாடல்களோடு எடுக்கலாம் என்று ஸ்டூடியோ தலைவர் ஸானக் சொன்னதை மறுத்து, ஃபுல்லர் தம் சொந்தப் பணத்தைப் போட்டு, அந்தத் தெருவையே அரங்கமாக எழுப்பினார். போட்ட பணம் திரும்பவில்லை. பன்னிரண்டு வயதில் நாளிதழ் அலுவலகத்தில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து, பதினேழு வயதில் குற்றச்செய்தி நிருபரான மனிதர், கணக்குப் பார்த்திருந்தால் இந்தப் படத்தை எடுத்திருக்கவே மாட்டார். மிட்செல் தெருவில் அடியாளைத் துரத்திச் சென்று பெஞ்சமின் ஃபிராங்க்ளின் சிலையின் பீடத்தில் மோதும் காட்சியில் கேமரா நகரும் விதத்தை மட்டும் மறுமுறை கவனித்துப் பாருங்கள்.